அலங்காநல்லூரில் விழுந்த ‘ந’

மதுரையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து காது கிழியாமல் நீங்கள் வெளியே வந்திருந்தால், அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, கரண்ட் போயிருக்கும். இல்லையென்றால் அன்றைக்குப் பந்தியில் கண்டென்சர் பாய் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் கடை. உள்ளே ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பலகையில் ‘ஸ்பீக்கர் பழுது பார்க்கப்படும்’ என்று எழுதியிருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில், ‘அவசரம் பார்க்கப்படாது.’ என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். மதுரையில் அண்ணனாவதற்கு வயது ஒரு தகுதி இல்லை.

ஸ்பீக்கருக்குள் கண்டென்சர் என்று சுண்டுவிரல் தடிமனில் ஒரு சாமான் உண்டு. பாய் அதைக் கழற்றினால் மீட்டரில் வைப்பதற்கு முன் மூக்கில் வைப்பார், கருவாடு வாங்குபவர்கள் மோந்து பார்ப்பது மாதிரி. “இது மௌத்தாகி நாலு வருசமாச்சுண்ணே” என்பார். மீட்டரும் பிறகு அதையே சொல்லும். செத்ததைக் குப்பையில் போட மாட்டார். ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி வைப்பார். ஏன் என்று கேட்டால், “அம்புட்டு வருசம் ஒழைச்சத மிதிக்கச் சொல்றீங்களா?”

திருவாதவூரில் ஒரு கல்யாணம். இலையில் சாம்பார் விழுந்த நேரத்தில் பாய் எழுந்தார். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று சண்டை போடுகிறதாம். மேடைக்குப் பின்னால் போய், இடது கையாலேயே ஒரு ஒயரை மாற்றி மாட்டிவிட்டு வந்தார். அதற்குள் அவர் இலையை எடுத்துவிட்டார்கள்; அங்கே வேறொருவர் ரசத்தில் இருந்தார். பாய் கோபப்படவில்லை. “இப்ப நாயனம் எப்படிண்ணே கேக்குது?” என்று அவரிடம் விசாரித்தார்.

“நான் சாப்பிட வந்தேன்” என்றார் அவர்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் போய் நின்றதற்குக் காரணம் என் மாமனார். அவர் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். தியேட்டரை இடித்தபோது, திரைக்குப் பின்னால் இருந்த ஹாரன் ஸ்பீக்கர்கள் இரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொன்றும் பீரோ உயரம். கீழே பெரிய பெட்டி. மேலே ஊமத்தம்பூ மாதிரி விரிந்த குழாய். வீட்டை மாற்றியபோது அவற்றைக் கே.கே. நகரில் இருக்கும் எங்கள் ஹாலுக்கு அனுப்பினார். பெண்ணைக் கொடுத்தபோதுகூட நிபந்தனை போடாதவர், அன்றைக்குப் போட்டார்: “மாப்ள, உள்ள மட்டும் கை வச்சிராதீங்க.”

மூன்று வருடம் கை வைக்கவில்லை. நாலாவது வருடம் இன்டர்நெட் பார்த்தேன்.

அந்த ஸ்பீக்கர்களுக்குள் கிராஸ்ஓவர் என்று ஒரு பகுதி உண்டு. கனத்த சத்தத்தைக் கீழ்ப்பெட்டிக்கும் மெல்லிய சத்தத்தை மேல்குழாய்க்கும் பிரித்து அனுப்புவது அதுதான். பழைய கிராஸ்ஓவரில் கண்டென்சர் காய்ந்துபோயிருக்கும், புதிது போட்டால் சொர்க்கம் தெரியும் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். சொர்க்கத்தை ஆர்டர் செய்தேன். கூரியரில் வந்தது.

கழற்றுவதற்கு முன்னால் முன்ஜாக்கிரதையாக போட்டோ எடுத்துக்கொண்டேன். கழற்றிய பிறகு பார்த்தால், போட்டோ முழுக்க என் கட்டைவிரல். ஒன்று மட்டும் நினைவிருந்தது. குழாய்க்குப் போகும் சிவப்பு ஒயர் கருப்பு முனையிலும், கருப்பு ஒயர் சிவப்பு முனையிலும் இருந்தன. ஆக, மாமனார் இத்தனை வருடமாகத் தப்பாக மாட்டி வைத்திருக்கிறார். ஒரு மருமகனுக்கு இப்படிப்பட்ட சந்தோஷம் லேசில் வாய்க்காது. சிவப்பைச் சிவப்பிலும் கருப்பைக் கருப்பிலும் மாட்டி, பாட்டுப் போட்டேன்.

தாளம் எங்கள் வீட்டில் இருந்தது. பாடகர் பக்கத்து வீட்டிலிருந்து பாடினார்.

அன்று சாயங்காலமே மனைவி ஃபோனை வைத்துவிட்டு வந்தாள். “அப்பாவுக்கு வியாழக்கிழமை கண் ஆபரேஷனாம். பத்து நாளு நம்ம வீட்லதான். டிவி பாக்கக் கூடாதாம். ‘அதான் ஸ்பீக்கர் இருக்குல்ல, கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்’னாரு.”

ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். “ஆபரேஷனைத் தள்ளி வைக்க முடியாதா?”

“கண்ணு அவரோடது. நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?”

மறுநாளே பாய் கடைக்கு ஓடினேன். பாய் எங்கள் வீட்டுக்கு வியாழக்கிழமை காலையில்தான் வந்தார். பலகையில்தான் எழுதியிருக்கிறதே.

பாய் பாட்டுப் போட்டு சோதிப்பதில்லை. “பாட்டு ஏமாத்திரும்ணே. அது நல்லாருந்தா ஸ்பீக்கரும் நல்லாருக்குன்னு நெனச்சிருவோம்.” அவருடைய ஃபோனில் ஒரே ஒரு ஒலிப்பதிவு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் கூவுவது: “அலங்காநல்லூர், அலங்காநல்லூர், அலங்காநல்லூரேய்.” பாயின் சித்தாந்தப்படி ‘லங்கா’ கீழ்ப்பெட்டியில் கிளம்ப வேண்டும்; ‘ல்லூர்’ குழாயில் இறங்க வேண்டும்; நடுவில் ‘ந’ வரும்போது பெட்டியும் குழாயும் கை கோத்துக்கொள்ள வேண்டும்.

என் ஸ்பீக்கரில் போட்டார். “அலங்கா... ல்லூர்” என்றது.

“‘ந’ எங்கண்ணே?”

“விழுந்திருச்சு போல, பாய்.”

“அது தானா விழாது. ஒயர மாத்துனீங்களா?”

“மாத்தல. திருத்தினேன்.”

பாய் மூக்கை என் பக்கம் திருப்பினார். மோந்து பார்த்துவிடுவாரோ என்று ஒரு அடி பின்னால் போனேன்.

“கிராஸ்ஓவருங்கிறது பங்கு பிரிக்கிற பஞ்சாயத்துண்ணே. கீழ்ப்பெட்டி அண்ணன், குழாய் தம்பி. பிரிக்கையில தம்பிக்காரனத் திருப்பி நிக்க வச்சிரும். அண்ணன் இழுக்கும்போது அவன் தள்ளுவான், நடுவுல உள்ளது செத்துப்போகும். ஒங்க மாமா அதுக்குத்தான் ஒயர மாத்தி மாட்டி, அவன மறுபடி நேராக்கி வச்சிருக்காரு. அது அவரு தெரிஞ்சு செஞ்ச தப்பு. இது நீங்க தெரியாமச் செஞ்ச சரி.”

கூரியரில் வந்த என் சொர்க்கத்தையும் மோந்து பார்த்தார். “வாசமே இல்ல, பச்சப் புள்ள. நல்ல சாமான்தான். ஆனா வேகம் ஜாஸ்தி, குழாய் கத்தும். ஒரு வேகத்தடை போடுவோம்” என்று சட்டைப் பையிலிருந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்துப் பற்றவைத்தார். ஒரு ஸ்பீக்கர் முடிந்தது. இரண்டாவதற்குள் பாய் இடுப்பு வரை போயிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

சாயங்காலம் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். மாமனார் ஆபரேஷன் முடிந்து மத்தியானமே கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். “யாரு மாப்ள அங்க?”

“கேபிள்காரர், மாமா.”

“ஸ்பீக்கருண்ணே” என்றது பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல். தொழில் விஷயத்தில் பாய்க்குப் பொய் ஆகாது.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். “போடுங்க.”

பாய் வெளியே வந்து, ஒயரை முடுக்கி, ஃபோனை அழுத்தினார். கண்டக்டர் கூவினார். பையை இறக்கிக்கொண்டிருந்த மனைவி, “யாரு ஊருக்குப் போறா?” என்றாள்.

“இன்னொரு தடவ” என்றார் மாமனார். மறுபடி அலங்காநல்லூர். எனக்கு அந்த பஸ்ஸிலேயே ஏறிவிடலாம் போல இருந்தது.

“மாப்ள, உள்ள கை வச்சிட்டீங்க.”

“ஆமா மாமா.”

“ஒயரத் திருத்தியிருப்பீங்களே.”

“ஆமா மாமா.”

“நானும் வேலைக்குச் சேந்த புதுசுல திருத்துனேன். ஹீரோ பேசுனது வில்லனுக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. மூணு நாளு என்னயத் தியேட்டருக்குள்ளயே விடல.” பிறகு பாய் பக்கம் திரும்பினார். “முன்ன ஒரு கரகரப்பு இருக்கும். அது போயிருச்சு, ஆனா கத்தலையே. ரெசிஸ்டர் எதுவும் போட்டீங்களா?”

“சின்னதுண்ணே. வேகத்தடை.”

“நல்லாருக்கு. நான் வச்சிருந்தத விட நல்லாருக்கு.”

பாய் காய்ந்த கண்டென்சர்களைக் கைக்குட்டையில் முடிந்து ஜாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். ஆனால் மறுநாள் வந்தார். பத்து நாளும் வந்தார். இரண்டு பேரும் ஒரு பாட்டுக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கண்டக்டரையே கேட்டார்கள். தெருவில் போன யாரோ இரண்டு பேர் வந்து, இங்கே பஸ் நிற்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

போன வருடம் பாய், பலகையோடும் ஜாடியோடும் தூத்துக்குடிக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஃபோன் பண்ணினால், “இதுல ஒங்க கொரலு சரியில்லண்ணே” என்று வைத்துவிடுகிறார்.

அலங்காநல்லூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் அந்த வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். “ஏறுறீங்களா சார்?” என்கிறார் கண்டக்டர். “இல்லண்ணே, கேக்க வந்தேன்” என்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மறுபடி கூவுகிறார். ‘ந’ விழாமல் இருக்கிறது. பாய் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.