தோட்டா வாத்தியார்

பேச்சாளர்களில் எத்தனையோ ரகம் உண்டு. எங்கள் வயோமிங் மலைப்பக்கத்தில் விளைகிற ரகத்துக்குப் பெயர் தோட்டா வாத்தியார். என் துப்பாக்கிக் கடைக்கு வந்து பாருங்கள். கவுண்டரில் முழங்கையை ஊன்றி, ஓசிக் காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு, வாங்க வந்தவரையும் விற்க நிற்கும் என்னையும் ஒருசேர மடக்கி, எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா, எத்தனை கஜத்தில் அது எவ்வளவு இறங்கும், காற்றடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று கடை சாத்தும்வரை ஓதுவார். எதையாவது வாங்குவாரா? மூச்!

எங்களுக்கு வாய்த்தவர் வெர்ன் டகெட். யாராவது தோட்டாப் பெட்டியைத் தொட்டால் போதும்.

"அய்யய்யோ, அதையா எடுக்கிறே தம்பி? முந்நூத்தெட்டுத் தோட்டா வேற, முப்பதாறுத் தோட்டா வேற. குண்டு ரெண்டும் ஒரே பருமன்தான், ஆனா முப்பதாறுக்கு மருந்து அடைச்ச பித்தளைக் கூடு நீளம். இது தெரியாதவன் துப்பாக்கியே தொடக்கூடாது!"

அவர் மனைவி நோரீனுக்கு இந்த வருஷம் எல்க் மான் சுடக் குலுக்கலில் அனுமதி விழுந்தது. வருஷக்கணக்காக எழுதிப்போட்டுக் காத்திருந்தவள், பாவம். ஒரு மான் விழுந்தால் குளிர்காலம் முழுக்க இறைச்சிக் கவலையில்லை. ஆனால் வேட்டைப் பருவம் முடியப்போகும்வரை பனிப்புயல் விடவில்லை. கடைசி நாள் விடியலில் கிளம்பும்போது அவள் தோட்டாவை எடுக்கப் போனாள்.

"நீ தொடாதே. அதெல்லாம் என் இலாகா" என்றார் வாத்தியார்.

மேட்டில் ஏறினால், எதிரே விலாவைக் காட்டிக்கொண்டு ஒரு எல்க் கடா! நோரீனுடையது அரைத் தானியங்கித் துப்பாக்கி. ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் முதல் தோட்டாவே, தோட்டா அடுக்கும் மேகசினுக்குள் நுழைய மாட்டேன் என்றது.

"வெர்ன், என்னய்யா இது? என்னோடது முந்நூத்தெட்டு. நீ கொண்டாந்தது உன்னோட முப்பதாறு!"

தப்பு என்று ஒப்புக்கொண்டாரா? அதுதான் இல்லை.

"பார்த்தியா, நான் படிச்சுப் படிச்சுச் சொல்வேன்ல? கூடு நீளம், அதான் போகல. அந்தக் காலத்துல பட்டாளத்துக்காரங்க என்ன பண்ணாங்கன்னா..."

"மெதுவாப் பேசித் தொலைய்யா!"

கடா காதை நிமிர்த்திக் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, பாடம் போதும் என்று நினைத்ததோ என்னவோ, காட்டுக்குள் போய்விட்டது.

குளிர்காலம் முழுக்க டகெட் வீட்டில் அவித்த பீன்ஸ்தான். நோரீன் கிண்ணத்தை அவர் முன்னால் ணங்கென்று வைப்பாளாம்: "இது எத்தனை நீளம்னு சொல்லிட்டுத் தின்னு!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில், "கிளம்பும் முன்பே பெட்டியைப் பார்த்திருக்கலாமே, நானாக இருந்தால்..." என்று பக்கத்திலிருப்பவரிடம் ஆரம்பித்துவிட்டீர்களா? அப்படியானால் நைசாகச் சமையலறையை எட்டிப் பாருங்கள். அங்கே பீன்ஸ் ஊறிக்கொண்டிருக்கலாம்.