இரண்டு பூச்சு அலுமினியம்

நான் ஒரு முட்டாள். பணிவுக்காகச் சொல்லவில்லை, ஆய்வகத்தில் நிரூபித்துக் காட்டியிருக்கிறேன்.

அப்போது பொத்தேரிப் பக்கம் எம்.டெக். படித்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் ரயில் ஏறியதும் பக்கத்து சீட்காரருக்குச் சூரிய மின்சாரம் பற்றி வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவேன். (செங்கல்பட்டுக்கு டிக்கெட் எடுத்தவர்கூட வண்டலூரில் இறங்கிக்கொள்வார்.)

ஆய்வகத்தில் மலர்விழி அக்கா பிஎச்.டி. முடிக்கும் கட்டத்தில் இருந்தார். அவரிடம் மிச்சமிருந்தது, வெயிலில் மின்சாரம் தரும் சிலிக்கான் செல்கள் கடைசி ஒரு பெட்டி. முன்பக்கம் வெள்ளிக் கோடுகள் போட்டாயிற்று. பின்பக்கம் முழுக்க அலுமினியப் பசையை, பனியனில் படம் அச்சடிப்பதுபோல் ஸ்கிரீன் வழியாக இழுத்து, காயவைத்து, உலையில் விட வேண்டும். மாலைக்குள் அளந்தால்தான் அந்தப் பருவத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்க முடியும். கைடு கூப்பிட்டதால் அக்கா வேலையை என்னிடம் விட்டுப் போனார்.

“ஒரே கோட்டு. காய வை, உள்ள விடு. நீயா எதுவும் யோசிக்காத தம்பி.”

“கவலையே படாதீங்க அக்கா.”

அவர் வாசலைத் தாண்டியதும் யோசித்தேன். ஒரு பூச்சிலேயே மின்சாரம் ஓடுமென்றால் இரண்டு பூச்சில் பாயாதா? உலகத்தில் எந்த விஞ்ஞானிக்கும் தோன்றாத யோசனை. (அவர்களுக்கு மூளை இருந்தது.) எல்லாச் செல்களுக்கும் இரண்டு பூச்சு போட்டேன்.

உலைக்குள் தட்டையாகப் போனவை கிண்ணமாக வெளியே வந்தன. வகுப்புத் தோழன் சதீஷ் எட்டிப் பார்த்தான்.

“இன்னாடா மச்சான், அப்பளம் மாதிரி கீது?”

ஆறும்போது அலுமினியம் சிலிக்கானைவிட அதிகமாகச் சுருங்கும். பூச்சு தடித்தால் செல்லையே வளைத்துவிடும். இதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

அத்தோடு விட்டிருந்தால் வளைந்த செல்லையாவது அக்கா அளந்திருப்பார். நானோ நிமிர்த்தப் போனேன். எல்லாவற்றையும் அடுக்கி, மேலே தடிமனான பாடப்புத்தகத்தை வைத்து மெல்ல அழுத்தினேன். ‘படக்’ என்றது.

“போச்சா?” என்றான் சதீஷ்.

“ஒண்ணுதான்டா.”

பதற்றத்தில் கை இன்னும் அழுந்தியது. பிறகு வந்தது ஒரு சத்தமல்ல, ஒரு சரம்.

“இப்போ?”

“இப்போ எல்லாம்.”

அக்கா திரும்பி வந்தார். ஒரு துண்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தார்.

“ரெண்டு கோட்டா?”

“கரண்ட் நல்லா போகும்னு…”

“எங்க போகும்?”

புதுச் செல்கள் வர மாதங்கள் ஆயின. அக்கா அடுத்த பருவத்தில்தான் ஒப்படைத்தார். என் கல்யாண வரவேற்பில் சதீஷ் மைக்கைப் பிடித்து இதையெல்லாம் சொல்லித் தொலைத்ததிலிருந்து, நான் தோசைக்கு எண்ணெய் விடப் போனாலே மனைவி கரண்டியைப் பிடுங்கிவிடுகிறாள்.

சமீபத்தில் கேளம்பாக்கத்தில் ஒரு விசேஷத்தில் அக்காவைப் பார்த்தேன். இப்போது பெரிய பதவி. பழசையெல்லாம் மறந்திருப்பார் என்ற தைரியத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அக்கா, உங்க தீசிஸ்ல என் பேரு கூட வருதாமே. எங்க போட்டிருக்கீங்க?”

அவர் பாயசத்திலிருந்து தலை நிமிரவில்லை.

“மூணாவது சாப்டர்ல, உடைஞ்சதுக்கான காரணங்கள்ல.”