ஊட்டி கேரட் விளைந்த பள்ளிக்கூடம்

பென்னாகரம் மாமா அவர்களுக்கு, மருமகன் அறிவழகன் தருமபுரியிலிருந்து வணங்கி எழுதுவது. இங்கே தங்கள் மகள் சசிகலா சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அங்கே தாங்களும் அத்தையும் சுகமா? ஆடுகளைப் பற்றி விசாரிக்கவில்லை. அவை தின்றுவிட்டுப் போன தினுசைப் பார்த்தால் இன்னும் ஒரு மாதத்துக்கு அவற்றுக்கு ஒரு குறையும் வராது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் சிரிப்பது என் காதில் விழும். அதைத் தாங்குகிற தெம்பு இப்போது எனக்கு இல்லை.

நகரத்துப் பள்ளிகளில் விவசாயம் கற்றுக்கொடுக்க அரசாங்கம் மானியம் தருகிறது, எங்கள் பள்ளிக்கும் கிடைத்திருக்கிறது என்று பொங்கலுக்கு வந்தபோது பெருமையடித்துக்கொண்டேன் அல்லவா? அது கிடைத்த விதத்தை அப்போது சொல்லவில்லை. விண்ணப்பத்தில் பொறுப்பாசிரியருக்கு விவசாய அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். பரம்பரை விவசாயி என்று எழுதிவிட்டேன். பரம்பரை என்று நான் நினைத்தது தங்களைத்தான். நான் மண்வெட்டியைக் கையில் எடுத்தது தங்கள் கொல்லையில் போட்டோ எடுத்துக்கொள்வதற்காக மட்டுமே. இருந்தாலும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மைதானத்தில் ஒரு பாதியில் பாத்தி கட்டி கேழ்வரகும் தக்காளியும் அவரையும் போட்டார்கள், எல்லாம் முளைத்தும் விட்டது. பூவிழி என்று ஒரு பெண், குடிக்கக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை முழுக்கக் கேழ்வரகுக்கு ஊற்றிவிட்டு, வகுப்பில் விக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

இதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். திங்கட்கிழமை மானியத்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் எனக்குள் இருந்த பரம்பரை விவசாயி விழித்துக்கொண்டான். நம் பக்கத்தில் அறுவடை முடிந்த கொல்லையில் ராத்திரி ஆட்டுப்பட்டி போட்டு, புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்க விடுவார்களே, அதை மைதானத்தின் காலியான மறுபாதியில் செய்துகாட்டி அதிகாரியை அசத்திவிடலாம் என்றுதான் தங்களிடம் ஆடுகளைக் கேட்டேன். தாங்களும் பெரிய மனசோடு, ஆடு மேய்க்கும் ஆண்டியுடன் மினி லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள். ஆட்டைச் சுற்றி அடைக்கிற மூங்கில் படலை ஆண்டி கொண்டுவருவார் என்று நான் நினைத்தேன். டவுன் பள்ளிக்கூடத்தில் இல்லாத கம்பி வேலியா என்று தாங்கள் நினைத்தீர்கள். கடைசியில் வாலிபால் வலையைக் குறுக்கே கட்டினோம். ஆண்டியும் இழுத்துப் பார்த்துவிட்டுத் தாராளமாகப் போதும் என்றார். போதுமா என்று ஆடுகளிடம் நாங்கள் இரண்டு பேருமே கேட்கவில்லை.

காலையில் வந்து பார்த்தால் கேழ்வரகு இல்லை, தக்காளி இல்லை, அவரைக்கொடி ஏறிய கயிறு மட்டும் இருந்தது. வாசலில் கட்டிய மாவிலைத் தோரணமும் வாழைமரமும் போய்விட்டன. தலைமையாசிரியை தெரசா அவர்கள் தொட்டியில் வளர்த்த குரோட்டன்ஸ் செடிகள் குச்சி குச்சியாக நின்றன. ஆண்டி ஆடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பூவிழி பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அதிகாரி கிளம்பிவிட்டார், ஏதாவது செய்யுங்கள் சார் என்றார் தலைமையாசிரியை. நான் செய்தது என்ன தெரியுமா? சசிகலாவுக்குப் போன் போட்டு, சந்தையில் ஒரு கூடை காய்கறி வாங்கிக்கொண்டு ஓடிவரச் சொன்னேன். என்ன காய் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் போலிருக்கிறது என்று அவள் எண்ணி, தழையோடு இருந்த நல்ல ஊட்டி கேரட்டாகப் பார்த்துக் கூடை நிறைய வாங்கி வந்துவிட்டாள். திருப்பி அனுப்ப நேரமில்லை. ஜீப் வாசலுக்கு வந்துவிட்டது.

அதிகாரி கேரட்டைப் பார்த்தார், ஆடுகள் மிதித்துக் கிளறிப் போட்ட பாத்தியைப் பார்த்தார், புழுக்கையையும் பார்த்தார். இயற்கை உரத்திலேயே இந்த வெயிலில் கேரட்டா, இப்போதுதான் பிடுங்கினீர்களா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். தலையைத்தானே ஆட்டினோம், வாயால் ஒன்றும் சொல்லவில்லையே என்று பிறகு எனக்கு நானே எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதோடு விட்டாரா? அழுது முகம் வீங்கியிருந்த பூவிழியைக் கூப்பிட்டு, நீ என்ன போட்டாய் பாப்பா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"கேரட்டுங்க சார்" என்றாள். "தெனமும் நாந்தாங்க தண்ணி ஊத்துனேன்."

மாமா, வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. தன் கேழ்வரகு போன துக்கத்தில் இருந்த பிள்ளை, என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லிற்று. அதிகாரிக்கோ கண்ணெல்லாம் சந்தோஷம். மானியம் அடுத்த வருடமும் உண்டு, மற்றப் பள்ளிக்காரர்களையும் அழைத்து வந்து காட்டுகிறேன் என்று சொல்லி, என் கையில் ஒரு கேரட்டைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். அது இப்போது வாட்ஸப்பில் ஊர் சுற்றுகிறது. தலைமையாசிரியையும் நானும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறோம். சசிகலா திட்டவில்லை. "மொதல்ல அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலைப் பிரார்த்தனையில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் நடந்ததைச் சொல்லி பூவிழியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அப்படியே அதிகாரியிடமும் போய்ச் சொல்லிவிடுவேன். மானியம் போனால் போகட்டும். தாங்கள் கொஞ்சம் கேழ்வரகு விதை கொடுத்தனுப்பினால் மறுபடி விதைக்கிறோம். ஆண்டியை ஏச வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி யாருக்குத் தேவையோ இல்லையோ, எனக்கு அவசரமாகத் தேவை.

இப்படிக்கு,
தலை நிமிராத மருமகன்,
அறிவழகன்

பின்குறிப்பு: பிரார்த்தனை முடிந்த பிறகு தபாலில் போடலாம் என்று கடிதத்தைப் பையிலேயே வைத்திருந்தேன். காலையில் நான் மைதானத்துக்குள் நுழையும் முன்பே பள்ளி முழுக்கச் செய்தி பரவியிருந்தது: வரும் வியாழக்கிழமை அதிகாரி தன் மேலதிகாரிகளோடு வருகிறார், கேரட் மண்ணில் இருப்பதைப் பார்க்க வேண்டுமாம். நான் மேடை ஏறுவதற்குள் ஏழாம் வகுப்பு மொத்தமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. பூவிழிதான் பேசினாள். "பயப்படாதீங்க சார். கேரட்டுக்கு நோவு வந்துருச்சு, அதான் எல்லாத்தயும் புடுங்கிப் போட்டுட்டோம்னு சொல்லிக்கலாமுங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்றதுன்னு பேசி வெச்சிட்டோம்." இத்தனை வருடத்தில் என் வகுப்பு ஒரே பதிலை ஒன்றாகச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. மேடையில் ஏறி, சாப்பிடுமுன் கை கழுவுவதைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிவிட்டேன். எனவே மேலே எழுதியதைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேரட்டுக்கு என்ன நோய் வரும் என்று மட்டும் யாரையாவது விசாரித்து, உடனே போன் செய்யவும். பெயரைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.