கடல்ல மோட்டாரா ஓடுது?

‘தெரியாது’ என்ற சொல் என் வாயிலிருந்து முதன்முதலாக வந்தபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதற்கு முன்பு யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்றுதான் சொல்வேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனிடம் வேறு சர்டிபிகேட் ஏது? லேத் ஓட்டத் தெரியுமா? தெரியும். (கோயம்புத்தூரில் ஒரு வருடம். இடது கைச் சுண்டுவிரலின் நுனி இன்னும் அங்கேதான் இருக்கிறது.) பரோட்டா போடத் தெரியுமா? தெரியும். (பம்பாயில், நான்கு நாள்.) தூத்துக்குடியில் உப்பளம், விசாகப்பட்டினத்தில் கப்பலுக்குப் பெயின்ட் என்று சுற்றிவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் சாந்தோம் குப்பத்தில் அக்கா வீட்டு வாசலில் ஒரே ஒரு பையோடு வந்து நின்றேன்.

அக்கா பிலோமினா மீன் விற்பவள். மச்சான் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். இருந்தது ஒரே அறை. அவர்கள் இருவர், பிள்ளைகள் மூன்று, அப்புறம் நான். அக்கா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஒரே எடத்துல, ஒரே வேலையில, ஒரு வருசம் நீ இருந்து நான் பாக்கணும்டா. அப்பால நீ எங்கனா போ.”

தி.நகரில் ஒரு கலர் மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல். எல்லாம் நல்ல தண்ணீர் மீன்கள். தொட்டி கழுவுவதும், காலையில் செத்து மிதப்பதை வாடிக்கையாளர் வருவதற்குள் எடுத்துப் போடுவதும் என் வேலை. அங்கேதான் சேஷாத்ரி மாமா வந்தார். அடையாறில் அலுவலகம் வைத்திருந்த ஒரு பம்பு கம்பெனியில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பெரிய உத்தியோகம். வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளம் பக்கம். கையில் தடியாக ஒரு இங்கிலீஷ் புத்தகம். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பியதாம். பக்கத்துக்குப் பக்கம் படம். நீலத் தண்ணீர், சிவப்புப் பவளம், ஆரஞ்சு மீன்.

“இந்த மாதிரி கடல் மீன், பவளமெல்லாம் ஆத்துல ஒரு தொட்டியில வெச்சு வளர்க்க முடியுமா?” என்று கேட்டார்.

முதலாளி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். “தெரியும் சார்.”

(அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. பழக்கதோஷம்.)

கடற்கரையில் பிறந்தவன் என்பதுதான் என் முழுத் தகுதி. மாமா அதை நம்பினார். புத்தகத்தை என்னிடமே கொடுத்தார். நான் அதை ஒரு வாரம் வைத்திருந்து படங்களை மட்டும் பார்த்தேன். படத்தில் கண்ணாடித் தொட்டி இருந்தது; நாலரை அடியில் செய்யச் சொன்னேன். படத்தில் மேலே விளக்கு இருந்தது. இரண்டு ட்யூப்லைட் மாட்டி, ஒன்றுக்கு நீல ஜிகினாத் தாள் சுற்றினேன். படத்தில் ஒரு சின்ன மோட்டார் தண்ணீருக்குள் இருந்தது. மூர் மார்க்கெட்டில் அலைந்து சிங்கப்பூர் மோட்டார் ஒன்று பிடித்தோம். அடியில் துளை போட்ட தட்டு, அதன் மேல் நான்கு விரல் உயரத்துக்குச் சிப்பி நொறுங்கிய மணல். தட்டுக்கு அடியிலிருந்து மோட்டார் தண்ணீரை இழுத்து மேலே தள்ளும். ஏன் அப்படித் தள்ள வேண்டும் என்பது படத்தில் இல்லை. எழுத்தில் இருந்தது.

கரையோரத் தண்ணீர் சாக்கடை. அதனால் மச்சான் கட்டுமரத்தில் வெகுதூரம் உள்ளே போய்க் கேன் கேனாகக் கடல் தண்ணீர் மொண்டு வந்தார். மீன் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் பிடித்ததற்காகக் குப்பமே அவரைப் பார்த்துச் சிரித்தது. அந்த வருடம் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். சித்திரக்குளம் தெருவில் நான் சைக்கிள் ரிக்‌ஷாவில் கேன்களை இறக்கியபோது, எதிர்வீட்டு அம்மாள் குடத்தோடு ஓடி வந்து, “மெட்ரோ தண்ணியா? ஒரே ஒரு கொடம்” என்றாள். நான் உள்ளே ஒரு கேனைத் தூக்கிப் போய்த் திரும்பி வருவதற்குள் இன்னொன்றிலிருந்து ஒரு குடம் போய்விட்டது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்து போனார்கள் என்று கேள்வி. அந்தப் பாவத்தையும் என் கணக்கில்தான் தெரு எழுதிக்கொண்டது.

உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி உண்டாம். நான் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, “கரெக்டா கீது” என்பேன். மாமா பக்தியோடு பார்த்துக்கொண்டிருப்பார்.

பாம்பனிலிருந்து ரயிலில் பைகளில் வந்து இறங்கியது கூட்டம். பாறைத் துண்டுகள், விரல் விரலாக அசையும் பவளம், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒரு ஜோடி, நீல மீன்கள், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் பூ. அது ஒரு பிராணி. இரண்டு கை அகலத்துக்கு விரிந்து ஆடும். அதன் இதழ்களுக்குள் அந்த ஆரஞ்சு ஜோடி படுத்துப் புரளும். மாமி சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

“அந்தோணி, இது நன்னா சாப்பிடறதா? இளைச்ச மாதிரி இருக்கே.”

அக்காவும் ஒரு நாள் பார்க்க வந்தாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, மாமி எத்தனை முறை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. “வாடை அடிக்கும்மா” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியிலிருந்தே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆயுள் முழுக்க மீன் விற்றவள், கடலுக்கு அடியில் எப்படி இருக்கும் என்று பார்த்தது அன்றுதான்.

நவராத்திரி வந்தது. மாமி கொலுப்படிகளைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே கட்டினாள். சுண்டலுக்கு வந்த பெண்கள் பொம்மைகளை விட்டுவிட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாடினார்கள். செய்தி அடையாறு வரை போனது. ஒரு நாள் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எங்க முதலாளியம்மா விஜயதசமி அன்னிக்குக் கார்த்தால வராப்பா. அவாளுக்குப் பிடிச்சுட்டா ஆபீஸ் வாசல் ஹால்ல இதைவிடப் பெரிசா ஒண்ணு வெக்கறதா இருக்கா. அதைப் பாத்துக்க ஆள் வேணும். பர்மனென்ட். நான் உன் பேரைச் சொல்லியாச்சு.”

அக்காவிடம் சொன்னேன். மச்சானின் கல்யாணச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து எனக்காகத் துவைத்துப் போட்டாள்.

விஜயதசமிக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. இங்கேதான் கோயம்புத்தூர் லேத் பட்டறையைச் சொல்ல வேண்டும். அங்கே ஆயுத பூஜை மாலை மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால், மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டவனை முதலாளி ஸ்பானரால் அடிப்பார். (நான்தான் தொட்டவன்.) உழைக்கிற இரும்புக்கு ஓய்வு தர வேண்டும் என்பது அன்று முதுகில் ஏறிய பாடம்.

மாமி சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களையும் வீணையையும் அடுக்கிவிட்டு, “அந்தோணி, உன் ஆயுதத்தையும் கொண்டு வந்து வையேன்” என்றாள். அவள் சொன்னது மீன் பிடிக்கும் சின்ன வலையை. நான் மரியாதை தெரிந்தவன் இல்லையா? சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையனுக்கும் முறை தெரியும் என்று காட்ட வேண்டாமா? சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டேன். சிங்கப்பூர் மோட்டாரைக் கழற்றினேன். தண்ணீருக்குள் குமிழ் குமிழாகக் காற்று ஊதும் இன்னொரு சின்ன மோட்டாரையும் கழற்றினேன். இரண்டையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, அந்தத் தடி இங்கிலீஷ் புத்தகத்தின் மேலேயே வரிசையாக வைத்தேன்.

மாமாவுக்கு மட்டும் லேசாக உறுத்தியது. “நாளைக்குக் கார்த்தால வரைக்கும் இதெல்லாம் இல்லாம தாங்குமாப்பா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருக்கும்.

“இன்னா மாமா, கடல்ல மோட்டாரா ஓடுது?”

மாமா அந்தப் பதிலில் மயங்கிப்போனார். “கேட்டியோடி” என்று மாமியிடம் திருப்பிச் சொன்னார். நான் இரண்டு பொட்டலம் சுண்டலோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் கல்யாணச் சட்டையோடு தெருமுனை திரும்பும்போதே தெரிந்துவிட்டது. மூக்குதான் எங்கள் குடும்பச் சொத்து. வாசலில் மாமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

“என்னமோ ஆயிடுத்துடா. உள்ள நிக்க முடியலை.”

தொட்டி கஞ்சித் தண்ணீராக வெளுத்திருந்தது. கடல் சாமந்தி கரைந்து, கிழிந்த துணிபோல ஒரு பாறையில் தொங்கியது. மீன்கள் மேலே. ஆரஞ்சு ஜோடியும் மேலே, பக்கத்துப் பக்கத்தில். மூன்று தலைமுறையாக முட்டைகூட நுழையாத வீட்டில், மீன் மார்க்கெட்டின் பின்பக்க வாடை.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. நான் பதறிப்போய் மோட்டாரைப் பொட்டோடு எடுத்துத் தொட்டிக்குள் மாட்டி சுவிட்சைப் போட்டேன். ராத்திரி முழுக்க மணலுக்கு அடியில் அழுகியதெல்லாம் ஒரே மூச்சில் கறுப்பாக மேலே பொங்கியது. அதன் நடுவில் குங்குமம் சிவப்பாகக் கரைந்து சுற்றியது. முதலாளியம்மா நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தார். நல்ல மனுஷி. மாமி நீட்டிய வெற்றிலை பாக்கை மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு வாங்கினார். கிளம்பும்போது, “அந்தப் பொம்மை நகர்றதா?” என்று கேட்டார். சங்கு நண்டு எப்படியோ தப்பி ஏறி, மளிகைக் கடைப் பொம்மைக்கு முன்னால் கொட்டியிருந்த அரிசியில் நடந்துகொண்டிருந்தது.

கார் போனபின் மாமா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் சந்தனக் கறை படிந்த புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேடித் தேடி ஒரு பக்கத்தை எடுத்தார். “மோட்டார் நின்றால் மணலில் உள்ள நல்ல கிருமிகள் சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும்” என்று தமிழில் சொன்னார். பிறகு புத்தகத்தை மூடினார்.

“உனக்குத் தெரியும்னு நான் படிக்கலைப்பா.”

அடித்திருந்தால் தேவலை. “எனக்குத் தெரியாது மாமா” என்று முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான்.

எல்லாவற்றையும் வாளியில் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் கொட்டினேன். நண்டை மட்டும் கரையில் விட்டேன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது. அக்கா வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கறை படிந்த சட்டையைப் பார்த்தாள்; வாளியைப் பார்த்தாள்.

“வாடை அடிக்குமேன்னு நான் வாசல்லயே நின்னேன். நீ உள்ள போயி அடிச்சிட்டு வந்துகீற.”

அடுத்த வாரமே ரயிலேறினேன். சூரத், காண்ட்லா, மறுபடி விசாகப்பட்டினம். ஒரே இடத்தில் ஒரு வருடம் இருப்பதற்கு இன்னும் ஒன்பது வருடம் பிடித்தது. அதற்குள் அந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாகிவிட்டது. நான் எதையாவது தெரியும் என்று ஆரம்பித்தால் போதும், அக்காவின் பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள், பின்னால் வந்து சேர்ந்த என் மனைவி உட்பட எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள்: “கடல்ல மோட்டாரா ஓடுது?”

போன வருடம் அக்கா நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். அதில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீருக்குள் குமிழ் குமிழாகக் காற்று வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. ஆயுத பூஜை மாலை ஒரு நர்ஸ் தட்டோடு வந்து, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனாள். அக்கா கண்ணைத் திறந்து அந்தப் பொட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூக்கிலிருந்த மாஸ்கைக் கையால் நகர்த்தினாள்.

“சிஸ்டர், இவன கொஞ்சம் அந்தாண்ட நிக்கச் சொல்லு.”

நர்ஸுக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டாள். அக்கா மூச்சு வாங்க வாங்க, நடுநடுவே மாஸ்கை மாட்டிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து முழுக் கதையையும் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பிப் படுத்துக் கேட்டார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் பிளக்கிலிருந்து நாலு அடி தள்ளியே நின்றேன்.