வோஜு என்றால் என்ன?

ஒரு காட்டில், நல்ல ஆலமரம் ஒன்றில், ஒரு பொந்து காலியாயிற்று. அதில் குடியிருந்த மரங்கொத்திக்கு வேறு காட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. மழை தொடங்க இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

பொந்து கேட்டு இரண்டு பேர் மனு கொடுத்தார்கள். ஒருத்தி செம்பா என்ற அணில். மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு வேலியோரத்து முள்செடியில் கூடு கட்டியிருந்தாள். போன மழையில் அந்தக் கூடு இரண்டு தடவை பிய்ந்து விழுந்தது. இன்னொருத்தி ஆந்தை. காடே அவளை டீச்சரக்கா என்று கூப்பிடும். அவளுக்கு ஏற்கெனவே ஒரு பொந்து உண்டு. "அது எனக்கு, இது என் புத்தகங்களுக்கு" என்று மனுவில் எழுதியிருந்தாள்.

சிங்கராஜா இரண்டு மனுவையும் பார்த்துவிட்டு ஆபீஸ் கரடியைக் கூப்பிட்டது.

"யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருத்தி வந்து அழுவா. பேசாம இங்கிலீஷ் வார்த்தை விளையாட்டு வெச்சிடு. தோத்தவ தன் படிப்பைத்தான் நொந்துக்கணும், என்னை இல்லை."

விளையாட்டு இப்படித்தான். சுரைக்குடுக்கைக்குள் இங்கிலீஷ் எழுத்து செதுக்கிய கட்டைகள் இருக்கும். ஆளுக்கு ஏழு எடுத்து, பாறைமேல் சொல் சொல்லாக அடுக்க வேண்டும். வைத்த அளவுக்குக் குடுக்கையிலிருந்து புதிதாக எடுக்கலாம், பாறையில் கிடக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுத்துக்குத் தக்க பாயிண்ட். எதிராளி வைத்தது சொல்லே இல்லை என்று தோன்றினால் "சேலஞ்ச்" என்று கத்தலாம். கரடி பட்டியலைப் பார்த்துச் சொல்லும். பட்டியலில் இல்லையென்றால் வைத்தவர் கட்டையைத் திரும்ப எடுக்க வேண்டும். இருந்துவிட்டால் கத்தியவருக்கு ஒரு ஆட்டம் போச்சு. யாருமே கத்தாவிட்டால் வைத்தது வைத்ததுதான்.

அந்தப் பட்டியலின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு என்று ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதனாலேயே யாரும் பார்க்கவில்லை.

செம்பாவுக்கு ஏ முதல் இசட் வரை தெரியும். அதற்கு மேல் படிக்க வைக்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவள் மூன்று நாள் அந்தச் சுவரிலேயே தொற்றிக்கொண்டு கிடந்தாள். கொட்டையைக் கடிக்கும்போது ஒரு சொல், தோலைத் துப்பும்போது ஒரு சொல். முதல் பக்கத்தில் இரண்டெழுத்துச் சொற்கள் மட்டும்தான். அது அத்தனையும் மனப்பாடம்.

"ஒண்ணுக்குக்கூட அர்த்தம் போடலையே?" என்றான் அவள் வீட்டுக்காரன்.

"போடாததே நல்லதாப் போச்சுங்க. பாதி வேலை மிச்சம்" என்றாள் செம்பா.

போட்டி நாளன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆந்தை எடுத்த எடுப்பில் ஏழு கட்டையையும் வைத்து 'லைப்ரரி' என்று அடுக்கினாள். அதோடு விட்டாளா? உலகத்தின் முதல் லைப்ரரி எது என்று கால் மணி நேரம் பேசினாள். கூட்டம் கை தட்டியது.

"டீச்சரக்கா ஜெயிச்சாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்!" என்று கிளையிலிருந்து கத்தியது குரங்கு.

செம்பா தலையைக் குனிந்துகொண்டே இரண்டு கட்டை வைத்தாள். க்யூ. ஐ.

"என்னடி இது? க்யூவுக்குப் பின்னாடி யூ வரணும்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும். சேலஞ்ச்!" என்றாள் ஆந்தை.

கரடி பட்டியலில் நகத்தை ஓட்டிப் பார்த்தது. "இருக்கு."

"இருக்கா? அப்ப இவளையே அர்த்தம் சொல்லச் சொல்லுங்க!"

"அர்த்தம் கேக்க ரூல்ஸ்ல இடமில்லைக்கா. உங்களுக்கு ஒரு ஆட்டம் போச்சு."

அடுத்து செம்பா இசட், ஏ வைத்தாள். தனக்குத் தெரியாத ஒரு சொல் இங்கிலீஷில் இருக்கும் என்று ஆந்தையால் நம்பவே முடியவில்லை. மறுபடி சேலஞ்ச். மறுபடி "இருக்கு." இன்னொரு ஆட்டம் போச்சு.

"டீச்சரக்கா, லீவு லெட்டர் குடுத்தீங்களா? ரெண்டு ஆட்டமா ஆப்சென்ட்டு!" என்றது குரங்கு. ஆந்தையின் முகம் சிவந்துவிட்டது.

இப்படியே ஆடி ஆடிக் கடைசி ஆட்டம் வந்தது. செம்பா பத்து பாயிண்ட் பின்னால் இருந்தாள். கையில் மிச்சம் வி, ஜே, யூ. பாறையில் ஒரு ஓ சும்மா கிடந்தது. ஜே, ஓ என்று வைத்தால் பட்டியலில் உண்டு, ஆனால் ஒன்பதுதான். ஒரே ஒரு பாயிண்டில் தோற்றுப் போவாள்.

ஒரு துளி மழை அவள் மூக்கில் விழுந்தது. குட்டிகள் மூன்றும் முள்செடியில்தான் இருந்தன. செம்பா கண்ணை மூடிக்கொண்டு கையிலிருந்த அத்தனையையும் வைத்தாள்.

வி, ஓ, ஜே, யூ. பதினாலு பாயிண்ட்.

"வோ... ஜு" என்று எழுத்துக் கூட்டிப் படித்தது கரடி. "டீச்சரக்கா, சேலஞ்சா?"

ஆந்தை வாயைத் திறந்தாள். மூன்றாவது தடவையும் இருக்கு என்று கரடி சொல்லிவிட்டால்? மேலே குரங்கு வேறு தயாராக உட்கார்ந்திருந்தது. ஆந்தை வாயை மூடிக்கொண்டாள்.

"சேலஞ்ச் இல்லை."

சிங்கத்துக்குத்தான் ஆவல் அடங்கவில்லை. "ஏம்மா, வோஜுன்னா என்ன?"

"ராஜா, அது வந்து... நான் சும்மா..." என்று இழுத்தாள் செம்பா.

"இதுகூடவா தெரியாது?" என்று ஆந்தை குறுக்கே பாய்ந்தாள். "மழைக்கு முன்னாடி ஜில்லுனு ஒரு காத்து வருமே, அதுதான் வோஜு. பழைய சொல். இப்ப ரொம்பப் பேர் சொல்றதில்லை."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னு பார்த்தேன்" என்றது சிங்கம்.

கரடி பட்டியலைப் புரட்டியது. வோஜு அதில் இல்லை. ராஜாவுக்கும் டீச்சரக்காவுக்கும் தெரிந்த சொல் எழுதாமல் விட்டுப்போயிருக்கிறதே, தன் வேலைக்கே ஆபத்தாயிற்றே என்று பயந்து, யாரும் பார்க்காதபோது கடைசியில் அதை எழுதிச் சேர்த்துவிட்டது.

செம்பா உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மறுபடி வாயெடுத்தாள். வீட்டுக்காரன் அவள் வாலை மிதித்தான். "குட்டிங்களைத் தூக்கு முதல்ல."

பெருமழை பிடிக்கும் முன்னே அஞ்சு பேரும் பொந்துக்குள் போய்விட்டார்கள். வெளியே குரங்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "அடடா, என்னா வோஜு! என்னா வோஜு!" என்று நனைந்துகொண்டிருந்தது.

நீதி: தெரியாததைத் தைரியமாக வையுங்கள். அர்த்தத்தைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.