கிழக்கே மட்டும் போகும் படகு

இயேசு மரி சூசை துணை

திருக்காட்டுப்பள்ளி,
மே மாதத்து வெயில், செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் அருள்ஜோதி அவர்களுக்கு, உங்கள் தங்கை விண்ணரசியைக் கட்டிக்கொண்ட பெரியநாயகசாமி பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே இருவரும் சுகம். வேளாங்கண்ணியில் உங்கள் வீட்டாரும் லாட்ஜும் அவ்விதமே சுகமாயிருக்க மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று யோசிக்க வேண்டாம். உங்கள் தங்கைக்குப் பாம்புச் செவி. அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும்போதுகூட நான் மாடியில் பேசுவது அவளுக்குக் கேட்கிறது.

விஷயம் படகு. நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது, சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். கப்பலில் இன்ஜின் அறையிலேயே காலம் தள்ளிய நீங்கள், ஓய்வு பெற்றதும் தண்ணீர்ப் பக்கமே திரும்பாமல் லாட்ஜ் வைத்துக்கொண்டீர்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி, குளத்தில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காத நான், புதுச்சேரியில் யாரோ படகு கிளப்பை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பாய்மரப் படகை வாங்கி வந்தேன். சின்னப் படகுதான். அதற்கென்றே ஒரு இரண்டு சக்கர வண்டி உண்டு. அதில் ஏற்றி டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். அதுதான் அதன் பெருமை என்று விற்றவர் சொன்னார். உண்மைதான், இந்த ஒரு வருடத்தில் அது தண்ணீரில் போனதைவிடத் தார் ரோட்டில் போனதுதான் அதிகம்.

போன ஆடியில் ஆறு நிறையத் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டு துரைராசு டிராக்டரில் இழுத்து வந்து படித்துறையில் இறக்கிக் கொடுத்தார். விண்ணரசி திருவிழாவுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியில் இட்லியோடு வந்து நின்றாள். அவளும் ஏறுவதாகத்தான் ஏற்பாடு. நான்தான் பெரிய மாலுமி மாதிரி, "இரு, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து ஒன்னைய ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாயை ஏற்றினேன். மச்சான், ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். காவிரியும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். இந்த இரண்டையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஆயுசு பூராவும் நடத்தியவன் நான். இரண்டு அம்புக்குறியும் ஒரே பக்கம் பார்க்கின்றன என்பது நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் உறைத்தது. இரண்டு கையையும் ஆட்டி, "துரைராசு, துரைராசு" என்று கத்தினேன். சார் குஷியில் கையாட்டுகிறார் என்று கரையில் நின்ற அத்தனை பேரும் திருப்பிக் கையாட்டினார்கள். உங்கள் தங்கையும் ஆட்டினாள். பாய்க்கு அடியில் குறுக்கே ஒரு கட்டை இருக்கிறது, படகைத் திருப்பினால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரும். நான் திருப்பியபோது நடுவில் என் தலை இருந்தது. அதற்குப் பிறகு படகு தன் இஷ்டத்துக்குப் போய், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு கரையில் நாணல் புதருக்குள் சொருகிக்கொண்டது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, "எங்கேருந்து வரீங்க?" என்று கேட்டார். திருக்காட்டுப்பள்ளி என்றேன். "ஏன், பஸ்ஸு ஓடலையா?" என்றார்.

துரைராசு டிராக்டரோடு தேடி வந்தபோது எனக்குப் பசியில் கண்ணை இருட்டியது. இட்லி எங்கே என்று கேட்டேன். "அக்கா எனக்குக் குடுத்துட்டாங்க சார். நீங்க இன்னிக்கு வர மாட்டீங்கன்னாங்க" என்றார். வீட்டுக்குப் போனதும் விண்ணரசி கோபிக்கவில்லை, தலைக்கு ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே ஒரு தீர்ப்பும் சொன்னாள். "போன எடத்துலேருந்து படகுலயே என்னைக்கித் திரும்பி வரீங்களோ, அன்னைக்கி நான் ஏறுறேன்." அதன் பிறகு இரண்டு மூன்று தடவை ஆற்றில் இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கிழக்கே படகிலும் மேற்கே டிராக்டரிலுமாகத்தான் பயணம் முடிந்தது.

இதற்கு நடுவில் என் படகு ஊருக்கு உபயோகமாகிவிட்டது, எனக்குத்தான் ஆகவில்லை. குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி வைத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. துரைராசு ஓடி வந்து, "சார், ஒங்க படுதாவைக் குடுங்க" என்று பாயை உருவிக்கொண்டு போனார். நெல் நனையவில்லை. பாயில்தான் இன்றைக்கும் பதர் ஒட்டியிருக்கிறது. சம்பா நடவுக்கு நாற்றுக் கட்டு ஏற்ற வண்டி போயிற்று, படகைத் தென்னங்கட்டை மேல் இறக்கி வைத்தார்கள். அது திரும்பி வந்ததும் கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்ற இன்னொருவர் கேட்டு வந்தார். படகை விற்கலாமா என்று துரைராசுவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "படகு போனாப் போவுது சார். பாயையும் வண்டியையும் மட்டும் இருக்கச் சொல்லுங்க" என்கிறார்.

இப்போது அந்தப் படகு கொல்லையில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வண்டி மேல் நிற்கிறது. பாய்மரத்தையும் கட்டையையும் கழற்றாமல் கௌரவத்துக்கு விட்டு வைத்திருக்கிறேன். அதிலும் நிம்மதி இல்லை. நான் சாயங்காலம் வாசகசாலைக்குப் போகிற நேரம் பார்த்து யாரோ ஏறி உட்கார்ந்து வேர்க்கடலை தின்று தோலைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அன்னியர் ஏறக்கூடாது என்று பெயின்டில் எழுதி வைத்தேன், தோல் அதிகமாயிற்று. அணிலாக இருக்கும் என்கிறாள் விண்ணரசி. உப்புப் போட்டு அவித்த கடலையைத் தின்னும் அணிலை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. எனக்கு துரைராசு மேல்தான் சந்தேகம்.

ஆகவே மச்சான், நாகப்பட்டினத்தில் அப்சர் என்று ஒருவர் பெரிய படகு வைத்திருக்கிறார். உள்ளே அறை, படுக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக இன்ஜின். போனால் திரும்பி வரும்! என் படகை மாற்றாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்து, ஞாயிற்றுக்கிழமை லாரியோடு வருகிறேன் என்கிறார். அந்தப் பெரிய படகு நம் வண்டியில் ஏற்ற முடியாத கனம், அதனால் அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு நாம்தான் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் குறை. வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், படகு ஓட்டும் ஆசை அந்தக் கட்டை தலையில் பட்ட அன்றைக்கே போய்விட்டது. உங்கள் தங்கையை ஒரு தடவையாவது எதிரே உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் மிச்சம். படித்துறையில் இட்லியோடு அவள் நின்ற நிற்பை என்னால் மறக்க முடியவில்லை. சனிக்கிழமை சும்மா பார்க்க வந்த மாதிரி வந்து, இன்ஜின் படகு திரும்பி வரும் என்று அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பேச்சை அவள் நம்ப மாட்டாள், நம்பாததற்கு அவளிடம் காரணமும் இருக்கிறது.

ஆரோக்கிய மாதா உங்கள் குடும்பத்துக்கும் லாட்ஜில் வந்து தங்குகிற அத்தனை பேருக்கும் நல்ல சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
கரை சேரக் காத்திருக்கும்
பெரியநாயகசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது, படகின் நீள அகலத்தை எழுதினால் அப்சர் லாரி பிடிக்கத் தோதாக இருக்குமே என்று டேப்போடு கொல்லைக்குப் போனேன். வழக்கமாக நான் வாசகசாலையில் இருக்கிற நேரம். படகில் ஏணி சாத்தியிருந்தது. சத்தம் போடாமல் ஏறி எட்டிப் பார்த்தால், முதுகுக்குத் தலையணை வைத்து, காலை நீட்டி, மடியில் அவித்த கடலைக் கிண்ணத்தோடு உங்கள் தங்கை.

"நீயா?" என்றேன்.

"பின்ன, அணிலா?" என்றாள்.

"ஆத்துல கூப்பிட்டா வர மாட்டேங்கிற, இங்க தெனமும் ஏறுறியா?"

"ஆத்துல இது ஓடிப் போயிடுது. இங்க நிக்கிது. மாடி கொதிக்குது, வீட்டுக்குள்ள புழுக்கம். இங்கதான் காத்து வருது. அந்தப் பெரிய படகை நாகப்பட்டினத்துல கொண்டுபோயிக் கட்டிட்டா, நான் சாயங்காலம் எங்க உக்கார்றது? பஸ்ஸு புடிச்சா போவ முடியும்?"

பெரிய படகைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அதையும் துரைராசுவிடம் சொன்னவன் நான்தானே. டேப்பைப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே நின்றேன்.

"என்ன நிக்கிறீங்க? ஏறுங்க. கட்டை இருக்கு, தலையைக் குனிஞ்சுக்குங்க" என்றாள். குனிந்து ஏறி, அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

ஆகவே மச்சான், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நாகப்பட்டினம் உங்களுக்குப் பக்கம்தானே, அப்சரிடம் லாரி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் மட்டும் சனிக்கிழமை அவசியம் வாருங்கள். நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வரும்போது பச்சை வேர்க்கடலை வாங்கி வாருங்கள், தன் கிண்ணத்தில் என்னைக் கை வைக்க விட மாட்டேன் என்கிறாள்.