மேசைக் காலடியில் ஒரு மகாசக்தி

பலாங்கொடைப் பக்கத்து மலைகளில் பிறந்தவர்களில் உலகம் எப்படி இயங்குகிறது என்பதை முழுசாகக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான்: எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். எல்லோருக்கும் அவர் ‘ரேடார்’. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

டவுன் கடைகளில் சாமான் சுற்றித் தரும் பழைய பத்திரிகைகளில் வரும் விஞ்ஞானக் கதைகள்தான் அவருக்கு வேதம். எல்லாக் கதையிலும் ராஜாவை, மழையை, சண்டையை ஒரு மறைந்த சக்தி ஆட்டிவைக்கும். கடைசியில் கதாநாயகன் அதைப் பிடிப்பான். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால் ரேடார் அண்ணனே பிடித்துவிடுவார். ஒரு தடவை அது அரண்மனைக் கோழிக்கூட்டில் இருந்தது.

"யாரும் குனிஞ்சு பாக்காத எடத்துலதாங்க இருக்கும்" என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்துத் தோழிக்கு நேர்முகக் கடிதம் வந்து இரண்டு வாரமாகியும் எனக்கு வரவில்லை. வராவிட்டால் ஆயுசுக்கும் கொழுந்துக்கூடைதான்.

"அண்ணே, என் கடுதாசியையும் ஒங்க சக்தி தின்னுருச்சா?" அழுகையை அடக்கிக்கொண்டு கிண்டலாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "கடுதாசி எல்லாம் மொதல்ல ஆபீசுக்குத்தானே போகுது தங்கச்சி. அங்கதான் பாக்கணும்."

நேராகத் தோட்ட ஆபீசுக்குப் போனவர் கிளாக்கரின் மேசைக்கடியில் தவழ்ந்திருக்கிறார்.

"ஏய், ஒனக்குப் பிஸ்ஸு புடிச்சிருக்கா?" பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாராம் கிளாக்கர்.

"அசையாதீங்க ஐயா. சக்தி ஒங்க காலுகிட்டதான் இருக்கு."

அந்த மேசைக்கு ஒரு கால் கட்டை. லயத்து வீட்டு நம்பர் எழுதாமல் வந்த கடிதங்களை மடித்து அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார் கிளாக்கர். ரேடார் அண்ணன் மொத்தத்தையும் உருவினார். மேசை சாய்ந்து, மைப்புட்டி சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தின் மேல் கவிழ்ந்தது.

மூச்சிரைக்க மலையேறி வந்து, நாலாக மடிந்த என் கடிதத்தை நீட்டினார். மறுநாள் இரத்தினபுரியில் நேர்முகம். போனேன், வேலை கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது புல்லுவெட்டு. தபால் பையைப் பிடுங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

நன்றி சொல்லவும், வேலை போனதற்கு மன்னிப்புக் கேட்கவும் போனேன். அவருக்கோ வேறு வருத்தம்.

"இத்தன வருசமா நம்மள ஆட்டிவெச்சது ஒரு கட்டக் காலுதானா தங்கச்சி? கதையில இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கும்."

இன்றும் வகுப்பில் மேசை ஆடினால் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் குனிந்து பார்க்கிறேன். அடியில் ஒன்றும் இருப்பதில்லை. நிமிரும்போது ரேடார் அண்ணனை மனசுக்குள் கும்பிட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.